அட்டைக்குக் கோட்டு வேண்டாம்

இந்த மாதக் கடைசியோடு நான் மதராஸில் இந்தச் சித்திர மேசையை விட்டுப் போகிறேன். கொழும்பில் எனக்கென்று ஒரு மேசை போட இடம் பார்த்தாயிற்று. போகிறவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். இதுவரை அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் நரைத்த தலைக்காரர்கள். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. அதனால் அறிவுரையைக் குறைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் மேசைகளைச் சுற்றி வந்தேன். பாதிப் பேர் முயல் வரைந்திருந்தீர்கள். எல்லா முயலுக்கும் சட்டை. ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி, இன்னொன்றுக்குக் கைத்தடி. பார்க்கிறவர்களுக்குப் பிடிக்குமா அக்கா என்று கேட்டீர்கள். பார்க்கலாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். நின்று பதில் சொல்ல நேரம் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். பதிலில் முயல் வராது. அட்டை வரும்.

மதராஸில் பிறந்தவர்களுக்கு அட்டை என்றால் குளத்து அட்டைதான் தெரியும். இலங்கையில் எங்கள் சப்ரகமுவ மலைகளில் அது தரையில் இருக்கிறது. மழை விட்டதும் புல்நுனியிலும் சருகிலும் கறுப்பு நூல்துண்டு போல எழுந்து நிற்கும். ஆள் நடக்கும் அதிர்வு தெரிந்ததும் தலையை ஆட்டி ஆட்டித் தேடும். காலில் ஏறுவது தெரியாது, கடிப்பதும் தெரியாது. குடித்து முடித்துக் கொட்டைப் பாக்கு மாதிரி உருண்டு விழுந்த பிறகு, வழியும் இரத்தத்தைப் பார்த்துத்தான் வந்து போனது தெரியும். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலில் சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசிக்கொள்வார்கள். அதைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை.

நான் அப்போது இரத்தினபுரியில் ஒரு சர்வேயரின் அலுவலகத்தில் பிரதி வரைபவளாக இருந்தேன். தோட்டத்தின் எல்லை, ஓடை, பாதை, மாணிக்கக் குழி வெட்டும் வயல் என்று சர்வேயர் ஐயா அளந்து வந்து பென்சிலில் போட்டதன் மேல், ஊடே தெரியும் டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டை மசியில் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சித்திரமும் வடிவ கணிதமும் எனக்கு நன்றாக வந்தன. அளவு வரைபடம் தனியாகப் படித்தேன். கோடு தடிக்காது, கை நடுங்காது என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருந்தேன். எதையும் வரிசை போட்டு எழுதிக்கொள்ளும் பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தேயிலையும் கூடவே இறங்கியது. நட்டத்தில் ஓடும் தோட்டத்தை யார் செலவு செய்து அளக்கச் சொல்வார்கள்? சர்வேயர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு மேசைக்குத்தான் வேலை இருக்கும் என்றார். இன்னொருவர் சோமாவதி அக்கா. கேகாலைக்காரர், என்னைவிட மூத்தவர், அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் பலர். அந்த ஒரு மேசை யாருக்கு என்று ஐயா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்த வாரம்தான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நம் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தேன். சித்திரங்களை நடமாட வைக்கும் வேலை, பயிற்சிக்கு ஆள் எடுக்கிறோம், தேர்வாளர் கொழும்புக்கு வருவார், ஒரு நாள் மட்டும். வருகிறவர் தன் சொந்தக் கற்பனையில் ஓர் உருவத்தை உண்டாக்கி, அதை எல்லாப் பக்கமும் திருப்பி வரைந்து கொண்டுவர வேண்டும். பார்த்தவுடன் பிடிக்க வேண்டும். பெண்கள் வரலாம் என்று அதில் இல்லை. வரக்கூடாது என்றும் இல்லை. அந்த இரண்டாவது இல்லையை நான் எடுத்துக்கொண்டேன். அது கிடைத்தால் கையில் நிப்பு இருக்கும். கிடைக்காவிட்டால் தோட்டத்துக்குத் திரும்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் இருபது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை.

வழக்கப்படி பட்டியல் போட்டேன். மனிதருக்குப் பிடிப்பவை: பெரிய கண், உருண்டைத் தலை, சிறிய மூக்கு, நல்ல உடுப்பு. பட்டியலைப் பார்த்து ஒரு மான்குட்டி வரைந்தேன், ஒரு கிளி வரைந்தேன். சோமாவதி அக்கா வாங்கிப் பார்த்து, "லஸ்ஸனய், நங்கி" என்றார். அழகாயிருக்கிறது, தங்கச்சி என்று அர்த்தம். சொன்ன கையோடு தாளைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். நம் தொழிலில் இதைக் கவனிக்கப் பழகுங்கள். அழகு என்று சொல்லி உடனே கீழே வைக்கப்படும் படம் தோற்றுப்போன படம்.

கொஞ்ச நாள் லீவு கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பலாங்கொடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, குறுக்குப் பாதையில் மலை ஏற வேண்டும். மழை விட்டிருந்தது. களைத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தபோது, செருப்புக்கு ஒரு சாண் தள்ளி ஓர் அட்டை எழுந்து நின்றது. இடப்பக்கம் ஆடியது, வலப்பக்கம் ஆடியது. எட்டியது, எட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. மறுபடி எட்டியது. பஸ் போன பிறகு ரோட்டில் வந்து நிற்கும் ஆள் மாதிரி இருந்தது. காலை இழுத்துக்கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் பிறந்தவள் அப்படி உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கிறுக்கு என்று அர்த்தம்.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஆட்களை மலைக்கு அனுப்பி அன்றன்றைய வேலையைப் பார்ப்பவர். அட்டையைத்தான் வரையப் போகிறேன் என்றதும் சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். "ஊர்ல வேற சீவனே இல்லையாம்மா? கொழும்பு வரைக்கும் பஸ்ஸு காசு குடுத்து அட்டையவா கொண்டு போவாங்க?" என்றார். அதுதான் நடந்தே வருமே என்று அம்மா சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வரைந்தேன். ஆனால் பட்டியல் என்னை விடவில்லை. வெறும் அட்டை யாருக்குப் பிடிக்கும்? உடுப்புப் போட்டேன். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, சட்டைப்பையில் தொங்கும் சங்கிலிக் கடிகாரம், கக்கத்தில் குடை, நுனி முறுக்கிய மீசை. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு மூன்றையும் கவராயம் வைத்து அளந்து, ஒரு நூல் பிசகாமல் ஒரே நீளத்தில் வரைந்தேன். பார்க்க எனக்கே மிடுக்காக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைமடுவத்துக்குப் போனேன். தாய்மார் கொழுந்தெடுக்கும் நேரத்தில் ஓர் ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவம் அது. பறித்த கொழுந்தைப் பகலில் நிறுத்துக் கொடுத்ததும் பெண்கள் கூடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டுப் பாலூட்ட வருவார்கள். தாளை விரித்தேன். மாரியாயி என்ற பெண்தான் முதலில் பார்த்தாள். குழந்தையை மாரோடு அணைத்தபடி குனிந்தவள், நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது.

"ஏய் இங்க வாங்கடி. நம்ம பெரிய கங்காணி" என்றாள்.

மடுவமே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஒட்டிக்கிட்டா விடாது, குடிச்சு முடிச்சாத்தான் உழும் என்றாள் இன்னொருத்தி. ஆயா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீமைப் படப் பத்திரிகைகளில் மிருகங்கள் கோட்டுப் போட்டிருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து நான் பக்கத்தில் நின்று பார்த்த கோட்டு ஒன்றே ஒன்றுதான். அது பெரிய கங்காணியின் கோட்டு. அந்தத் தோட்டத்துச் சனத்தில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்து கூட்டி வந்தவர் அவர். ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. தோட்டத்தை நடத்தும் துரை அவர் சொல்லைக் கேட்பார். கோட்டு, தலைப்பாகை, கடிகாரம், குடை, மீசை எல்லாவற்றையும் நினைவிலிருந்து எடுத்து, அவரை ஒரு தடவைகூட நினைக்காமல், அட்டைக்குப் போட்டிருந்தேன். சர்வேயர் ஆபீசில் இருந்தவள் அல்லவா, பிரதி சுத்தமாக விழுந்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அத்தனை பேரை ஒரு தாள் சிரிக்க வைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாதி வழியில் அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிறு உறுத்தல். என்னவென்று யோசித்தேன். பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பிள்ளைகள் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உருட்டி விளையாடிய ரப்பர் விதைகளிடமே போய்விட்டன.

பிள்ளைகளுக்குத் தலைக்காசு தெரியாது. அப்படியானால் சிரித்தவர்கள் என் அட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்கள் வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. நான் திறந்து விட்டேன், அவ்வளவுதான். கொழும்பில் மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிற மனிதருக்கு எங்கள் கங்காணியைத் தெரியாது. அவர் முன்னால் அந்தத் தாளில் மிஞ்சுவது என்ன?

வீட்டுக்கு வந்ததும், அலுவலகத்தில் ஐயாவிடம் கேட்டு எடுத்து வந்திருந்த டிரேசிங் துணித் துண்டுகளில் ஒன்றை அந்தப் படத்தின் மேல் விரித்தேன். கோட்டை விட்டேன், தலைப்பாகையை விட்டேன், குடை, கடிகாரம், மீசை எல்லாவற்றையும் விட்டேன். அட்டையை மட்டும் எடுத்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தால், ஒரு கறுப்புக் குச்சி. அதுதான் என் உருவம். மிச்சமெல்லாம் இரவல்.

அதற்குள் செய்தி அப்பாவிடம் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஆள் கொறைக்கிற நேரம் பாப்பா. அவரு தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னா எனக்குப் பத்துச்சீட்டுத்தான்" என்றார். தோட்டத்தில் பற்றுச்சீட்டு என்றால் வேலையை விட்டு இறக்குவது. வீட்டையும் விட வேண்டும். என் ஒரு மேசைக்காக வரைந்த படம், அப்பாவின் வேலையைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருந்தது.

அந்த நிலையில் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கிழித்தால் பெண்கள் சொன்ன பேச்சு மட்டும் மிஞ்சும், அதை மாற்ற என் கையில் எதுவும் இருக்காது என்றும் தோன்றியது. வேறொன்றை வரைந்தாக வேண்டும். அதுவும் பெரிய கங்காணி கேட்டுக்கொண்டு வருவதற்குள்.

காலையில் ஜாம் போத்தலில் ஓர் அட்டையைப் பிடித்து வந்து மேசையில் வைத்தேன். கவராயத்தை எடுத்து அதன் நீளத்தை அளக்கப் போனேன். அளந்து எழுதுவதற்குள் நீளம் மாறிவிட்டது. மறுபடி அளந்தேன், அதன் பாதிதான் இருந்தது. அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக்குச் சட்டை தைக்கப் போறியா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தில் எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் வரைந்திருந்தேனே, அதுதான் அது குச்சியாகிப்போன காரணம். எல்லைக்கோடு மாறினால் வழக்கு வரும் என்று பயந்தே பழகிய கை எனது. அட்டைக்கு எல்லைக்கோடு கிடையாது.

அப்படியானால் எது மாறாமல் இருக்கிறது? அம்மாவின் மாவில் ஓர் உருண்டை எடுத்தேன். நீட்டினேன், மெலிந்தது. அமுக்கினேன், குண்டானது. ஆனால் மாவு அதே மாவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சுடுறதுக்கு மாவு வேணும்டி என்று அம்மா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எவ்வளவு நீண்டால் எவ்வளவு மெலிய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். படித்த கணக்கு அங்கேதான் உதவிக்கு வந்தது. பிறகு மாவை ஒவ்வொரு நிலைக்கும் உருட்டி வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

இனி துணி. டிரேசிங் துணியின் குணம் அடியில் இருப்பதைக் காட்டுவது. முதல் படத்தின் மேல் அடுத்த துணியை வைத்தேன். அடியில் தெரியும் கோட்டை அப்படியே எடுப்பதுதான் என் தொழில். அன்று எடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு மயிரிழை தள்ளிப் போட்டேன். அதன் மேல் இன்னொரு துணி, இன்னும் ஒரு மயிரிழை. இன்று நீங்கள் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் செய்கிற அதே வேலை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. முகம் வைக்கவில்லை, இரண்டு புள்ளிக் கண் மட்டும் வைத்தேன். அட்டை எழுந்து தேடும். ஒரு கால் வரும். அட்டை எட்டும், இன்னும் எட்டும், நூலாகும். கால் போய்விடும். அட்டை பொத்தென்று தன் மேலேயே விழுந்து உருண்டையாகும். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழும். பாதம் மட்டும் தெரியும் அந்தக் கால் யாருடையதும் அல்ல. துணிகளை ஒரே அளவில் வெட்டி ஓரத்தைத் தைத்துக் கட்டினேன். பெருவிரலால் ஓட்டினால் அட்டை நடந்தது.

மறுநாள் அதைப் பிள்ளைமடுவத்துக்குக் கொண்டுபோனேன். இந்த முறை தாய்மார் வரும் முன்பே போனேன். பிள்ளைகளிடம் மட்டும் காட்டினேன். முதல் ஓட்டத்தில் சத்தமே இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் அது விழுந்தபோது சிரித்தார்கள். மூன்றாவது தடவை, சளி ஒழுகிய மூக்கோடு முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண், அட்டை எட்டும் நேரம் பார்த்துத் தன் காலைத் தூக்கி என் கைக்கு நேராக நீட்டினாள். "இந்தா" என்றாள், அட்டையிடம்.

அட்டைக்குக் கால் கொடுத்த ஒரு பிள்ளையை எங்கள் மலையில் அதற்கு முன் யாரும் பார்த்திருக்க முடியாது. அது அழகாக இருந்ததால் கொடுக்கவில்லை. அதற்கு ஒன்று வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை, அதை அவள் கண்டுகொண்டாள். என் பட்டியலில் இது இருக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்து சும்மா நின்றேன். கொழும்பை வென்றுவிடலாம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

பெரிய கங்காணி அன்று பின்னேரமே வந்தார். தூறல். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா நின்றார். அம்மா தேத்தண்ணீர் வைத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கணக்கப்பிள்ள, ஒங்க மக படமெல்லாம் வரையுதாமே. நமக்குங் காட்டச் சொல்லுங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், கிழிஞ்சு போச்சுன்னு சொல்லு என்று இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்விப்பட்டு மனதில் ஒரு படம் போட்டுக்கொண்டு வந்த மனிதரிடம் கிழிந்துவிட்டது என்று சொன்னால், அவர் மனதில் இருக்கும் படத்துடனேயே திரும்பிப் போவார். அந்தப் படம் நான் வரைந்ததைவிட மோசமாக இருக்கும். நான் துணிக்கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, எப்படி ஓட்ட வேண்டும் என்று காட்டினேன்.

அவர் பெருவிரல் பெரியது. முதல் தடவை பாதித் துணி ஒட்டிக்கொண்டு வந்தது. விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளப் போனார். ஈரம் பட்டால் துணியின் கஞ்சி வெளுத்துவிடும், வேண்டாங்க என்றேன். அப்பாவுக்கு மூச்சு நின்றிருக்கும். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். அட்டை எழுந்தது, தேடியது, எட்டியது, விழுந்தது. மீசை லேசாக அசைந்தது. இன்னொரு தடவை ஓட்டினார். அது விழுந்தபோது அவருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எதற்காக வந்தோம் என்று ஞாபகம் வந்தது போல முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"இதுல நா எங்க இருக்கேன்?"

"இல்லீங்க. முந்தாநாத்துப் படத்துல இருந்தீங்க. எடுத்துட்டேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் எடுத்த? பயந்துகிட்டா?"

"பயமும் இருந்திச்சுங்க. ஆனா அதுக்காக எடுக்கல. ஒங்களத் தெரியாதவங்க பாத்தா அதுல சிரிக்க ஒன்னுமில்லீங்க."

அவர் தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அப்ப, என்னைய மட்டும் நம்பி ஒரு படம் ஓடாதுங்குற."

"ஓடாதுங்க."

அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். பிறகு துணிக்கட்டை எடுத்து மூன்றாவது முறை ஓட்டினார். எழும்பும்போது அந்தக் கோட்டுப் படத்தை என்ன செய்தாய் என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். குடு என்றார். கொடுத்தேன். நன்றாக விரித்துப் பார்த்தார். மீசை நுனியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து இறங்கிப் போய்விட்டார். அதைக் கிழித்தாரா, பெட்டியில் வைத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. அப்பாவின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு பொய்கூட ஒனக்கு வாயில வராதா என்று மட்டும் அப்பா கேட்டார்.

கொழும்பில் தேர்வு நடந்தது ஒரு வியாபார வீட்டின் மாடியில். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் தாள்களில் எத்தனை கோட்டு, எத்தனை தொப்பி. தேர்வாளர் மெலிந்த மனிதர். புழுக்கத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் பார்த்து, அழகு என்று சொல்லிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும் என்பதால் முன்னால் நின்றவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

என் தாள்களைப் பார்த்து, என்னம்மா இது, புழுவா என்று கேட்டார். அவர் தரை அட்டையைக் கண்டதே இல்லை. எனக்கோ, அட்டை எப்படி வாழும், எங்கே இருக்கும், ஏன் அதைத் தேர்ந்தேன் என்று சொல்ல எண்ணிட்ட குறிப்புகள் தயாராக இருந்தன. வாயைத் திறக்கப் போனேன். விளக்கிச் சொன்ன பிறகுதான் பிடிக்கும் என்றால் அதற்குக் கோட்டே போட்டிருக்கலாமே என்று பட்டது. ஒன்றும் சொல்லாமல் துணிக்கட்டை நீட்டினேன்.

ஓட்டினார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி ஓட்டினார். அவர் அழகு என்று சொல்லவில்லை.

"அந்தக் கால் திரும்பி வருமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன்பே வெள்ளைத் தாள்களை என் பக்கம் தள்ளி, வந்தால் என்ன செய்யும் என்று இப்போதே வரைந்து காட்டச் சொன்னார். தாள் தடித்தது. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அடியில் இருப்பது தெரியாது. டிரேசிங் துணி கேட்டேன், இல்லை. பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் அட்டையை வரைந்த தாளை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அதன் மேல் அடுத்த தாளை வைத்ததும், அடியில் இருந்த அட்டை வெளிச்சத்தில் தெளிவாக எழுந்து வந்தது.

நின்றபடியே வரைந்தேன். கால் திரும்பி வருகிறது. வந்து அட்டையின் பக்கத்திலேயே ஊன்றி நிற்கிறது. இத்தனை நேரம் அதற்காக நூலாகிப்போன அட்டை, அதைக் கண்டதும் வெலவெலத்து உருண்டையாகச் சுருண்டு, ஒரு சருகுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. கால் காத்து நிற்கிறது. சருகு மெதுவாக உயர்கிறது. இரண்டு புள்ளிக் கண் எட்டிப் பார்க்கிறது.

கடைசித் தாளை எடுத்துத் திரும்பினால், முணுமுணுத்தவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் ஜன்னலடியில் கூடியிருந்தார்கள். தேர்வாளரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். அவர் தாள்களை வாங்கி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தார். சிரித்தார். மதராஸுக்கு எப்போது கப்பல் ஏற முடியும் என்று கேட்டார். அப்பாவைக் கேட்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அடுத்த மாதம் என்றேன்.

சோமாவதி அக்காவுக்கு மேசை. எனக்கும் மேசை.

அந்த அட்டையைத்தான் பிறகு கம்பெனி பெரிய படங்களுக்கு முன்னால் காட்டும் குட்டிப் படமாக எடுத்தது. மாதக்கணக்கில் வரைந்தோம். என் மேசையில் எத்தனை அட்டை எழுந்து எத்தனை அட்டை விழுந்தது என்று கணக்கு வைக்கவில்லை, நான்கூட. லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பலாங்கொடையில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். தோட்டத்துச் சனம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து முன்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தது. டவுன்காரர்களும் கடை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. திரை முழுவதும் ஒரு புல்நுனி. அதில் கறுப்பு நூல் ஒன்று ஆள் உயரத்துக்கு எழுந்து, இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, நேராகக் கூட்டத்தைப் பார்த்து எட்டியது.

முன்வரிசை மொத்தமும் ஒரே இழுப்பில் காலை மடக்கிச் சேலைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் இழுத்துக்கொண்டது. அம்மோ, கூடெல்லா என்று இருட்டில் அட்டையைச் சொல்லி ஒரு சிங்களக் குரல். பிறகு, தாங்கள் செய்ததைத் தாங்களே கண்டுகொண்டு, கூடாரமே வெடித்துச் சிரித்தது.

நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். அந்த அட்டையின் ஒவ்வொரு கோட்டையும் போட்டவள் நான். சிரிப்பு அடங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் நாற்காலியின் மேல் இருந்தன.